ஈரலின் கணக்கு
(அத்தியாயம் 9: நோயில்லாதவருக்கு ஏன்?)

2001 ஜனவரி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்த அறிக்கையில் ஒரு விசித்திரமான பட்டியல். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயத்தில், முன்னெச்சரிக்கையாக நெவிரபின் குளிசை எடுத்தவர்களின் பட்டியல் அது. 22 பேருக்குக் கடும் பக்கவிளைவு. அதில் 12 பேருக்கு அடி விழுந்தது ஈரலில். மருத்துவப் பணியாளர் ஒருவருக்கு ஈரலையே மாற்றவேண்டி வந்தது. நோயாளிகள் அல்லர், திடகாத்திரமான ஆட்கள்!

அடுத்த மாதமே இந்தியாவிலிருந்து வேறொரு செய்தி. ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விற்ற எச்.ஐ.வி. மும்மருந்துச் சிகிச்சையை 350 டொலருக்குத் தருகிறோம் என்றது சிப்லா மருந்து நிறுவனம். அந்த மூன்றில் ஒன்று அதே நெவிரபின். வேறு வழி? ஈரலுக்குப் பயந்து உயிரை விடுவதா?

இனிச் சென்னைத் தாம்பரம். 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளருக்காகத் தொடங்கிய சானட்டோரியம். 2004 ஏப்ரல் 1இல் இந்திய அரசின் இலவச எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அங்கே நெவிரபினை எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுத்ததில்லை. முதல் 14 நாள் ஒருவேளை 200 மில்லிகிராம், பிறகுதான் இருவேளை. தோலில் தடிப்பா, காய்ச்சலா என்று கேட்டு, கீழிமையை இழுத்து வெண்விழி மஞ்சளிக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. முதல் ஆறு வாரம்தான் கண்டம். காசநோயும் கூட இருந்தால் வேறு வில்லங்கம்: ஐசோனியாசிட்டும் பைரசினமைட்டும் தம் பங்குக்கு ஈரலைப் பதம் பார்க்கும். ரிஃபாம்பிசினோ இரத்தத்தில் நெவிரபினின் அளவைக் குறைத்துவிடும். அதனால் அவர்களுக்கு அன்று அதற்குப் பதிலாக எஃபாவிரென்ஸ்.

சரி, திடமான ஆளுக்கு ஏன் அடி? 2005 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் விடையைச் சொன்னது. சீடி4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் இரத்த அணுக் கணக்கு) 250க்கு மேல் உள்ள பெண்களில் 11 வீதத்தினருக்கு ஈரல் பாதிப்பு. அதற்குக் கீழ் உள்ளவர்களில் 0.9 வீதம். பன்னிரண்டு மடங்கு! ஆண்களுக்கு எல்லைக்கோடு 400. நெவிரபின் கிளப்பிவிடுவது உடலின் எதிர்ப்புச் சக்தியை. அந்தச் சக்தி மிச்சமிருக்கும் உடலில்தான் ஈரல் கூடுதலாக அடிபடுகிறது. அன்றைய விதிப்படி பொதுவாக 200க்குக் கீழ் இறங்கியவருக்கே சிகிச்சை. அப்படி வந்தவர்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்திக் குறைவே ஒருவிதக் காவல்.

சாட்டியிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி இன்று யாழ்ப்பாணத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவர் இதைப் படித்துப் பதறவேண்டாம். நெவிரபின் முன்வரிசையிலிருந்து இறங்கிவிட்டது, அந்த இடத்தில் இப்போது டொலுடெக்ராவிர். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூடவே வரும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கி வைத்திருப்பவை. அந்தக் கிருமி உள்ளவர் சட்டென்று விட்டால் ஈரல் அழற்சி திரும்பக் கிளம்பும். கண் மஞ்சளித்தால் அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள்.

கதைக்கு வருவோம். 2009 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் நல்லெண்ணத்தோடு விதியை மாற்றியது: இனிச் சீடி4 350க்கு இறங்கியதுமே சிகிச்சையைத் தொடங்கலாம். ஏழை நாடுகளின் மருந்து அலுமாரிகளில் அப்போதும் நெவிரபின். 250க்கும் 350க்கும் நடுவே நின்ற பெண்களின் கையில் எந்தக் குளிசையைக் கொடுப்பது?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)