பெல்ட்டைக் கழட்டினாதான் ஏசி நிக்கும்

போன மாசம் ஊருக்கு, அதாவது நாகர்கோவிலுக்குப் போயிருந்தேன். எங்க மாமா தோவாளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிக்கப்ல பூ ஏத்திட்டுப் போறவர். "காலையில ஏசி ஜில்லுன்னு இருக்கு மக்கா. மதியம் திரும்பி வரும்போ மார்த்தாண்டம் டிராஃபிக்ல செத்துப் போவுது. ரெண்டு தடவை கேஸ் அடிச்சாச்சு"ன்னார். காசு போச்சு, வியாதி போகல. கடைசியில வடசேரியில ஒரு மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து பாத்துட்டுச் சொன்னார்: "கேஸ் சரியாத்தான் இருக்கு. கிளட்ச் பிடிக்கல."

கியர் மாத்த மிதிக்கிற கிளட்ச் இல்ல. ஏசி கம்ப்ரசரோட மூஞ்சியில தட்டு மாதிரி இருக்குமே, அது. இன்னைக்கு எபிசோட் அந்தத் தட்டோட கதைதான்.

1939-ல அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனி முதன்முதலா ஏசி வச்ச காரைக் காட்டினாங்க. குளிர்விக்கிற பகுதி டிக்கியில பாதி இடத்தை அடைச்சுக்கிட்டது. அதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு உண்டு. கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் நேரா சுத்தும், நடுவுல கிளட்சே கிடையாது. அதனால எஞ்சின் ஓடுற வரைக்கும் கம்ப்ரசரும் ஓடும். ஏசி வேண்டாம்னா வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைச்சு, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழட்டணும்! குளிர்காலம் முழுக்கக் கழட்டியே வைக்கணும். அந்த ஏசி ரெண்டு மூணு வருஷத்துலயே நின்னு போச்சு.

இதுக்குத் தீர்வு ஏற்கனவே கைவசம் இருந்ததுதான் வேடிக்கை. வில்லியம் ஸ்டர்ஜன் 1820-களிலேயே மின்காந்தம் செஞ்சு காட்டிட்டார். அதைக் கார் கம்ப்ரசர்ல வச்சு, 1954 பான்டியாக் கார்ல காந்தக் கிளட்ச் வந்தது. புல்லி எப்பவும் பேரிங் மேல சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். நீங்க பட்டனை அமுக்கினா காயிலுக்குக் கரண்ட் போகும், காந்தம் தட்டை இழுத்துப் புல்லியோட ஒட்ட வைக்கும், கம்ப்ரசர் சுத்த ஆரம்பிக்கும். அந்த 'டக்' சத்தம் இதுதான். எழுபது வருஷம் ஆகியும் ஐடியா மாறல.

சரி, மாமா வண்டியில மதியம் மட்டும் ஏன் படுத்துச்சு? காலையில பாஸ், மதியம் ஃபெயில். கோட் எழுதுறவனுக்கு இந்த வகை பக்தான் எமன். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கணும். தேயத் தேய அது கூடும். தாமிரத்தோட மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில இருந்த காயில் 100 டிகிரிக்குப் போனா கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும், இழுக்கிற விசை மூணுல ஒரு பங்குக்கும் மேல குறையும். கூடிப்போன இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்கக் காந்தத்துக்குத் தெம்பில்ல. வண்டி ஆறினதும் திரும்ப வேலை செய்யும்.

இடைவெளி மட்டும்தான் பிரச்சினைன்னா ஒரு ஷிம்மை எடுத்தாலே போதும். இங்க தட்டு வழுக்கி வழுக்கி நீலம் பாரிச்சுக் கெடந்தது. அண்ணன் பெல்ட்டைத் தளர்த்தி, நடு போல்ட்டைக் கழட்டித் தட்டை எடுத்தார், சர்க்ளிப்பை விடுவிச்சுப் புல்லியை இழுத்தார், பின்னாடி இருந்த காயிலையும் மாத்தினார். புதுசு போட்டு ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியைச் சரி பாத்தார். கேஸ் குழாயைத் தொடவே இல்ல. அப்போ முன்னாடி ரெண்டு தடவை கேஸ் அடிச்சது? மாமாகிட்ட நான் கேக்கல.

'லோடு வண்டிக்கு ஏசி எதுக்கு'ன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ல ரெண்டு பருவமழையும் உண்டு. ராத்திரி மழையில உள்பக்கக் கண்ணாடி மூடிப்போகும். ஏசி போட்டா காத்துல இருக்கிற ஈரம் வடிஞ்சு கண்ணாடி தெளியும். கிளட்ச் பிடிக்காத ராத்திரிகள்ல மாமா ஒரு கையில துணியை வச்சுத் துடைச்சுக்கிட்டேதான் ஓட்டியிருக்கார்.

லாரி கேபின்ல ஏசி கட்டாயம்னு ஒன்றிய அரசு 2023 டிசம்பர்ல அறிவிச்சது, 2025-ல நடைமுறைக்கும் வந்தது. ஆனா அது என்2, என்3 வகைக்குத்தான், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல போற வண்டிகளுக்கு. மாமாவோட பிக்கப் அதுக்குக் கீழ, என்1. அதுல ஏசி இருக்கிறதுக்குக் காரணம், வாங்கும்போது அத்தை பிடிச்ச பிடிவாதம்தான்.