கேரவன் பயணத்திற்கும் வெள்ளக் காலத்திற்கும் சிறிய ஜெனரேட்டர்: வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அலோர் ஸ்டார் – பள்ளி விடுமுறை என்றால் வேனிலும் கேரவனிலும் குடும்பமாகக் கிளம்பி, கூலிம் செடிம் ஆற்றங்கரை, பெடு ஏரி, குனோங் ஜெராய் அடிவாரம் எனக் கூடாரம் போடும் வழக்கம் கெடாவில் பரவியிருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் விளக்கும் விசிறியும் ஓட வேண்டுமென்றால் சிறிய ஜெனரேட்டர் ஒன்று தேவைப்படுகிறது. தமிழில் மின்னாக்கி எனப்படும் இந்த இயந்திரம் சுற்றுலாவோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும், பசார் மாலாம் கடைக்கும், வெள்ளத்தில் மின்சாரம் நின்றுபோன வீட்டுக்கும் அதுவே போய்ச் சேருகிறது.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட் அளவும் விலையும்தான். சத்தம், மின்சாரத்தின் தரம், எடை ஆகியவை அடுத்து வருகின்றன. புகை எங்கே போகும் என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அதுதான்.

எத்தனை வாட் போதும்?

ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று உச்ச அளவு. சில நொடிகள் மட்டுமே கொடுக்கக்கூடியது. மற்றொன்று தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது உச்ச அளவாக இருக்கலாம். கணக்குப் போட வேண்டியது தொடர் அளவை வைத்துத்தான்.

நால்வர் கொண்ட குடும்பம் ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மேசை விசிறிக்கு 120 வாட், நான்கு எல்இடி விளக்குகளுக்கு 40 வாட், கைப்பேசிகளுக்கு 60 வாட், சிறிய ஐஸ்பெட்டிக்கு 100 வாட். மொத்தம் 320 வாட். இரவுச் சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கரைப் போட்டால் இன்னொரு 700 வாட் சேர்ந்து 1,020 ஆகிறது.

மோட்டார் உள்ள சாதனங்கள் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 100 வாட்டில் ஓடும் ஐஸ்பெட்டி கிளம்பும்போது 500, 600 வாட் கேட்கலாம். அதையும் சேர்த்தால் கணக்கு 1,500 வாட்டைத் தாண்டும். ஆகவே தொடர் அளவு 1,800 வாட் உள்ள ஜெனரேட்டர் இக்குடும்பத்திற்குப் போதும். ஆனால் அதில் மின்சாரக் கெட்டிலைச் சொருகக் கூடாது. கெட்டில் ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். தண்ணீர் கொதிக்க வைக்கக் கேஸ் அடுப்பே நல்லது.

குளிர்சாதனம் வேண்டும் என்றால் கணக்கு மாறும். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் ஓடும்போது ஏறக்குறைய 800 முதல் 1,000 வாட் எடுக்கும். பழைய வகை கிளம்பும்போது அதைப்போல் மூன்று மடங்கு கேட்கும். பெரிய கேரவன் வைத்திருப்பவர்கள் இதனால்தான் 3,000 வாட் ஜெனரேட்டரைத் தேடுகிறார்கள், அல்லது ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு சிறிய ஜெனரேட்டர்களை அதற்கான கம்பியால் இணைத்து ஓட்டுகிறார்கள். இரண்டாவது வழியில் ஒரு வசதி உண்டு. தூக்குவது எளிது, குளிர்சாதனம் வேண்டாத நாளில் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

உயரமும் ஒரு கணக்கு. மலை ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சினின் சக்தி ஏறக்குறைய 3.5 விழுக்காடு குறையும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையில் 1,000 மீட்டர் அளவுக்கு ஏறினால், கீழே 1,800 வாட் கொடுத்த இயந்திரம் ஏறக்குறைய 1,600 வாட்தான் கொடுக்கும்.

இன்வெர்ட்டரா, சாதாரண வகையா?

இரும்புச் சட்டத்திற்குள் எஞ்சின் வெளியே தெரியும்படி இருப்பது சாதாரண வகை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொடுக்க அதன் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். ஒரு விளக்கு எரிந்தாலும் பத்து விளக்கு எரிந்தாலும் அதே வேகம், அதே சத்தம்.

இன்வெர்ட்டர் வகை உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்னணு முறையில் மாற்றிச் சீராக்கிக் கொடுக்கிறது. அதனால் தேவை குறையும்போது எஞ்சின் வேகமும் குறைகிறது. எண்ணெயும் சத்தமும் மிச்சம். மின்சாரமும் சீராக இருப்பதால் மடிக்கணினி, தொலைக்காட்சி, மருத்துவச் சாதனங்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது. விலை கூடுதல் என்பதே இதன் குறை. விளக்குக்கும் விசிறிக்கும் மட்டும் என்றால் சாதாரண வகை போதும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமோ, தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவியோ பயன்படுத்துபவர் இருந்தால் இன்வெர்ட்டர் வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஜெனரேட்டர் மலிவாகக் கிடைத்தால் அதன் தகட்டைப் படிக்க வேண்டும். மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கொடுக்கும். நம் சாதனங்களுக்கு அது பொருந்தாது.

சத்தம், எடை, எண்ணெய்

கேரவன் உரிமையாளர்களிடையே பெயர் பெற்றது ஹோண்டாவின் 2,200 வாட் இன்வெர்ட்டர் வகை. அதன் எடை ஏறக்குறைய 21 கிலோ, ஒருவரே தூக்கலாம். எண்ணெய்த் தொட்டி 3.6 லிட்டர். கால்வாசிச் சுமையில் 8 மணி நேரமும், முழுத் தொடர் சுமையில் 3 மணி நேரத்திற்குச் சற்று மேலும் ஓடும். சத்தம் 48 முதல் 57 டெசிபல். 57 டெசிபல் என்பது இருவர் பக்கத்தில் நின்று பேசும் சத்தத்தை ஒட்டியது. சாதாரண வகை 65 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். வேறு நிறுவனத்தின் ஜெனரேட்டரைப் பார்க்கும்போதும் இந்த எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் காலை, நண்பகல், மாலை என இரண்டிரண்டு மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓட்ட அனுமதி. இங்கே அப்படி எழுதி வைக்காத இடத்திலும், பக்கத்துக் கூடாரத்தில் குழந்தை தூங்குகிறது என்ற எண்ணம் இருந்தால் போதும். இரவு 10 மணிக்கு மேல் நிறுத்திவிடுவது மரியாதை.

புகைதான் எமன்

பெட்ரோல் எஞ்சின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல், சோர்வு. பயணக் களைப்பு என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 100 பேர் சிறிய ஜெனரேட்டர்களின் புகையால் இறக்கிறார்கள் என்று அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறுகிறது. ஒரு சிறிய ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடை வெளியேற்றக்கூடும் என்பதும் அதன் எச்சரிக்கை. 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளி லூசியானாவைத் தாக்கி மின்சாரம் நின்றபோது, அங்கு ஏற்பட்ட மரணங்களுக்கு ஜெனரேட்டர் புகை முக்கியக் காரணமாக இருந்தது.

கெடா மக்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2010 நவம்பர் வெள்ளத்தில் அலோர் ஸ்டார் சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையமே மூடப்பட்டது. 2022 ஜூலை 4 அன்று பாலிங், குப்பாங் வட்டாரத்தில் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் மூவரின் உயிரைப் பறித்தது. வெள்ளம் வந்தால் மின்சாரம் நிற்கும். வெளியே மழை, கள்வர் பயம் வேறு. ஜெனரேட்டரை ஐந்தடிக்கோ சமையலறைக்கோ மாடிக்கோ கொண்டுபோகத் தோன்றும் நேரம் அதுதான்.

அதைச் செய்யவே கூடாது. வீட்டுக்குள்ளும், கார் நிறுத்துமிடத்திலும், கூடாரத்தின் வாசலிலும், கேரவனின் அடியிலும் ஓட்டக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான எண்ணம். ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். காற்றின் திசை மாறினால் இடத்தையும் மாற்ற வேண்டும். கள்வர் பயத்திற்குச் சங்கிலியும் பூட்டும் போடலாம். மழைக்கு நான்கு பக்கமும் திறந்த கூரை போதும்.

புதிய ஜெனரேட்டர்கள் சிலவற்றில், கார்பன் மோனாக்சைடு கூடினால் தானாக நிற்கும் உணர்கருவி இருக்கிறது. கேரவனுக்குள் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வைக்கலாம். புகை எச்சரிக்கைக் கருவி இதைக் கண்டுபிடிக்காது. யாருக்காவது தலை சுற்றினால் எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 999-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டு இணைப்பில் சொருகாதீர்கள்

ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவரின் பிளக்கில் சொருகி வீடு முழுவதையும் எரியவிடும் பழக்கம் ஆபத்தானது. அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கும் ஏறி, பழுது பார்க்கக் கம்பத்தில் நிற்கும் தெனாகா நேஷனல் ஊழியரைக் கொல்லும். வீட்டோடு இணைக்க வேண்டுமானால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்று விசை பொருத்த வேண்டும். இல்லையேல் சாதனங்களை நேராக ஜெனரேட்டரிலேயே சொருகலாம். கம்பி தடிப்பாகவும் வெளியிடத்திற்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். ஈரத் தரையில் கம்பியின் இணைப்பு கிடக்கக் கூடாது.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தி, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். பெட்ரோலைத் தண்ணீர்ப் போத்தலில் வைக்காமல் அதற்கென உள்ள கலனில் வைப்பது அவசியம்.

புகையில்லாத மாற்று வழி

விளக்கும் விசிறியும் கைப்பேசியும் மட்டும் என்றால் ஜெனரேட்டரே தேவைப்படாமல் போகலாம். 1,000 வாட்-மணி கொள்ளளவுள்ள பெரிய பேட்டரிப் பெட்டி, 60 வாட் விசிறியையும் 20 வாட் விளக்கையும் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓட்டும். சத்தமில்லை, புகையில்லை, கூடாரத்திற்குள்ளேயே வைக்கலாம். பகலில் சூரியத் தகட்டாலோ, சில மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டியோ மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். தூங்கும் நேரத்தில் எஞ்சின் ஓடாமலிருக்க இதுவே சிறந்த வழி.

வாங்கிய பிறகு

புதிய எஞ்சினின் எண்ணெயை முதல் 20 மணி நேர ஓட்டத்திற்குப் பிறகும், அடுத்து ஒவ்வொரு 100 மணி நேரத்திற்கும் மாற்றுவது பொதுவான அளவு. இயந்திரத்தோடு வரும் கையேட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை பத்து நிமிடமாவது, ஏதேனும் ஒரு சாதனத்தைச் சொருகி ஓட்டிப் பார்க்க வேண்டும். பல மாதம் சும்மா வைப்பதென்றால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக உறைந்துவிடும். திருவிழாவன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

கடைக்குப் போகும்போது வீட்டுச் சாதனங்களின் வாட் அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேட்கலாம். உதிரிப் பாகம் கெடாவிலேயே கிடைக்குமா என்று விசாரிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக, அதை எந்த இடத்தில் வைத்து ஓட்டுவது என்று குடும்பத்தில் அனைவருக்கும் காட்டிவிட வேண்டும். வெள்ளம் வரும் இரவில் யோசிக்க நேரம் இருக்காது.