மனத்தைப் படம் பிடிக்கலாமா?

மனிதன் மலையின் உயரத்தை அளந்தான். கடலின் ஆழத்தையும் அளந்தான். ஆயினும், அருகமர்ந்து உண்ணும் தன் மகனின் உள்ளத்தில் நிகழ்வதை அளக்கும் கருவி அவனுக்கு நெடுங்காலம் அகப்படவில்லை. இன்று அது கிடைத்துவிட்டதெனப் பலர் கருதுகின்றனர். மூளையைப் படம் பிடித்தால் பிள்ளையின் அச்சமும் கவலையும் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்தம் எண்ணம். இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று தெளிய, நம்மவர் பலர் குடியேறி வாழும் கொல்கத்தாவின் வரலாறு நமக்கு நல்ல துணையாகும்.

இந்தியாவில் மனோதத்துவம் தனித்துறையாக முதன்முதல் வேரூன்றியது கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலேயாகும். ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் 1916-ஆம் ஆண்டில் அத்துறை தொடங்கிற்று. சோதனைக் கருவிகளைக் கொண்டு மனத்தின் செயல்களை ஆராய்வதே அதன் நோக்கம். மறு ஆண்டில், நம் சர் சி. வி. இராமன் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்தைத் துறந்து, அதே பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவியை ஏற்றார். ஒளியின் இயல்பை அளக்கப் புகுந்த நகரமே மனத்தின் இயல்பையும் அளக்கப் புகுந்தது.

அத்துறையின் முதல் மாணவர்களுள் ஒருவர் கிரீந்திரசேகர போஸ். 1887-இல் பிறந்த இவர், மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழில் நடத்திய பின்னரே மனோதத்துவம் பயில வந்தார். மனிதன் தன் ஆசைகளை உள்ளத்தின் அடியில் எவ்வாறு அமுக்கி வைக்கிறான் என்பதை ஆராய்ந்து, 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1922-இல் பார்சி பாகான் சந்தில் உள்ள தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவு கூரத்தக்கது. ஜதீந்திர குமார் சென் என்னும் ஓவியர் பிராய்டை நேரில் கண்டவரல்லர். அவருடைய புகைப்படத்தையும் பார்த்தவரல்லர். எனினும், இக்கருத்துக்களை உரைத்தவர் இன்ன முகத்தினராய் இருத்தல் வேண்டும் என்று ஊகித்து ஒரு சித்திரம் தீட்டினார். போஸ் அதனை வியன்னாவுக்கு அனுப்பினார். படம் தம்மைவிட அழகாயிருப்பதாகப் பிராய்டு வேடிக்கையாக விடை எழுதினார். படம் வேறு, ஆள் வேறு என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுவதில்லை.

போஸ் ஏட்டுக் கல்வியோடு நின்றுவிடவில்லை. 1933-இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு இந்தியாவில் அமைந்தது அதுவே முதன்முறை. 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தோன்றிற்று. 1953-இல் மறைந்த அப்பெரியாரின் தலையாய கருவி பொறுமையோடு கேட்கும் காதே ஆகும்.

இதற்கிடையில் மேல்நாடுகளில் வேறொரு பாதை திறந்தது. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார். 1973-இல் பால் லாட்டர்பர் காந்தப் புலத்தைக் கொண்டு உருவம் எடுக்கும் முறையை விளக்கினார். 1990-இல் செய்ஜி ஒகாவா, மூளையில் உயிர்க்காற்று நிறைந்த குருதியும் அது குறைந்த குருதியும் காந்தத்திற்கு வெவ்வேறு விதமாய் உட்படுவதைக் காட்டினார். வேலை செய்யும் பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்வதால், மூளையில் எப்பகுதி எப்போது இயங்குகிறது என்பதை ஊகித்தறிய வழி பிறந்தது. எக்ஸ் கதிர் இதற்குத் தேவையில்லை. ஆகவே இளம் பிள்ளைகளையும் இம்முறையில் ஆராயலாம்.

அவ்வாறு ஆராய்ந்தோர் கண்டதென்ன? அபாயத்தை உணர்த்துவதில் பங்குகொள்ளும் 'அமிக்டலா' என்னும் வாதுமைப் பருப்பு வடிவப் பகுதி, விடலைப் பருவத்தில் விரைந்து செயற்படுகிறது. உணர்ச்சியை அடக்கி ஆளும் நெற்றிப்புற மூளையோ இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கடிவாளம் முதிருமுன்னரே குதிரை பாயத் தொடங்கிவிடுகிறது எனலாம். பதற்ற நோய்கள் பல இப்பருவத்திலேயே தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பர் அறிஞர்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. இந்தியாவும் பிரிட்டனும் கூடி, 2016-ஆம் ஆண்டு முதல், 6 முதல் 23 வயது வரையுள்ள சுமார் 9,000 பேரை ஏழு இடங்களில் சேர்த்து ஆராய்ந்தன. மனநலக் குறைகளும் போதைப் பழக்கமும் இளையோரிடம் எவ்வாறு உருவாகின்றன என அறிவதே அதன் நோக்கம். அவ்வேழு இடங்களுள் கொல்கத்தாவும் ஒன்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கே மூளைப் படம் எடுக்கப்பெற்றது. வீடு, பள்ளி, வறுமை, சூழல் ஆகியவை பற்றியோ யாவரிடமும் கேட்டறிந்தனர்.

இங்கே நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. இப்படங்கள் உரைப்பன பெரும்பாலும் கூட்டத்தின் சராசரியையே. படத்தில் ஒளிரும் செம்மையும் மஞ்சளும் கணக்கிட்டுத் தீட்டப்பெற்ற வண்ணங்கள். மூளையில் கட்டி, காயம், வலிப்பு முதலிய ஐயங்கள் எழுமிடத்து மருத்துவர் படம் எடுக்கச் சொல்வது முறையே. ஆனால், 'இந்தப் பையனுக்குப் பதற்ற நோய் உண்டு' என்று படத்தை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூற இன்றும் இயலாது. அவன் வாய்மொழியைக் கேட்டே அது தெளியப்பெறுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் குறிக்கப்படுவது நம் தமிழில் அச்சம், கவலை, கலக்கம், பதற்றம் எனப் பலவாய் விரிகிறது. பிள்ளையோ இவற்றுள் ஒன்றையும் சொல்லாமல், 'வயிறு வலிக்கிறது, இன்று பள்ளிக்குப் போகவில்லை' என்கிறான். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வளரும் தமிழ்ச் சிறுவன் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி பேசுகிறான். அவன் அஞ்சுவது எம்மொழியில் என்பதை எந்தக் காந்தமும் காட்டித் தராது. சோம்பல் என்றும் வயதின் கோளாறு என்றும் தள்ளிவிடாது, பெற்றோர் அவனருகில் அமர்ந்து கேட்டல் வேண்டும். உறக்கமின்மையும் பள்ளியை வெறுத்தலும் வாரக் கணக்கில் நீடிக்குமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையும் உண்டு. அதன் எண் 14416. அது வழங்கப்பெறும் மொழிகளுள் தமிழும் ஒன்று.

கருவியும் காதும் பகைப்பொருள்கள் அல்ல. கல்கத்தாவின் மனோதத்துவத் துறை சோதனைக் கூடத்தில் பிறந்தது. அதன் மாணவரோ நோயாளரின் சொல்லுக்குச் செவிசாய்த்துப் புகழ் பெற்றார். மூளையைக் காட்டும் கருவிகள் நாளும் வளர்க. அவை வளரும்வரை நம் பிள்ளைகள் காத்திரார். இன்றிரவு உணவின்போதே அவர்கள் சொல்வதற்கு நாம் செவி கொடுப்போமாக.