காலடிப்பேட்டை: யாரோட காலடி?

காலடிப்பேட்டைக்கு ஏன் அந்தப் பேர் வந்துச்சுன்னு திருவொற்றியூர் பக்கம் நாலு பேர்கிட்ட கேட்டா நாலு கதை கிடைக்கும். ஆதிசங்கரர் காலடின்னு ஒருத்தர் சொல்வார். (அவர் பிறந்த காலடி கேரளாவுல இருக்கு. ஆனா வட்டப்பாறை அம்மனோட அவரைச் சேர்த்து ஒரு கதை இங்க உண்டு, அதனால நம்பத் தோணும்.) பெருமாள் கால் வச்ச இடம்னு இன்னொருத்தர். ரெண்டும் இல்லீங்க. அது ஒரு வெள்ளைக்காரரோட பேர். ஜோசப் காலெட். 1717 ஜனவரியிலிருந்து 1720 ஜனவரி வரைக்கும் சென்னைப்பட்டணத்துக்குக் கவர்னர். அவர் பேர்ல உண்டான காலெட் பேட்டை நம்ம வாய்க்குள்ள புகுந்து காலடிப்பேட்டையா வெளிய வந்துடுச்சு. ஹாமில்டன் பாலத்தை அம்பட்டன் வாராவதி ஆக்கி, அதை மறுபடி இங்கிலீஷ்ல பார்பர்ஸ் பிரிட்ஜ்னு மொழிபெயர்த்த ஊராச்சே நம்மது :-)

இதை நான் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஒரு லண்டன் பொண்ணு. பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர தன்னார்வலரா கொஞ்ச மாசம் வந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமைகள்ல ஊர் சுத்திக் காட்டற வேலை என் தலையில விழுந்துச்சு. தியாகராஜ சுவாமி கோயில்ல, யானையோட பின்பக்கம் மாதிரி வளைஞ்சிருக்குற, ராஜேந்திர சோழன் காலத்துக் கருவறை விமானத்தை அரைமணி நேரம் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. மார்க்கெட்ல எறாவையும் நண்டையும் பார்த்து, எதுக்கு என்ன பேர்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டுவந்த அத்தோவை, வாயில காரம் ஏறி கண்ணுல தண்ணி வர வர சாப்பிட்டாங்க. அதெல்லாம் சரி. காலடிப்பேட்டை கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வந்ததும்தான் கேள்வி வந்துச்சு. கவர்னர் கட்டின கோயில்னு நான் பெருமையா சொல்ல, "அவர் கிறிஸ்தவர்தானே, எதுக்குப் பெருமாள் கோயில் கட்டினார்?"னு கேட்டாங்க.

கோயில் கதை என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்ப்போம். காலெட்கிட்ட வீரராகவன்னு ஒரு வைணவர் வேலை பார்த்தார். தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரை சேவிச்சுட்டுத்தான் ஆபீசுக்கு வருவார். அதனால லேட். கூட வேலை செய்யறவங்க போட்டுக் கொடுத்துட்டாங்க (அந்தக் காலத்துலயும்!). கவர்னர் கூப்பிட்டு, "உன் சாமி இப்ப காஞ்சிபுரத்துல என்ன பண்ணிட்டு இருக்கார், சொல்லு"ன்னு கேட்டார். வீரராகவன் கண்ணை மூடிக்கிட்டு, அங்க நடக்கற உற்சவத்தை நேர்ல பார்க்கற மாதிரி சொன்னார். ஆளனுப்பி விசாரிச்சா, சொன்னது அப்படியே சரி. அசந்துபோன கவர்னர், இனிமே நீ அவ்வளவு தூரம் அலைய வேணாம்னு இங்கயே வரதருக்கு ஒரு கோயில் எழுப்பினார். உற்சவத்துல என்ன நடந்துச்சுங்கறது மட்டும் சொல்றவங்களைப் பொறுத்து மாறும்.

அழகான கதை. ஆனா எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? காஞ்சிபுரம் இங்கேருந்து சுமார் 80 கிலோமீட்டர். போக வர 160. நல்ல குதிரையே ஒரே நாள்ல செத்துடும், வீரராகவன் எம்மாத்திரம்? அதனால 'தினமும்'ங்கறதைத் தள்ளி வச்சுட்டு, கம்பெனி கணக்குப் பக்கம் போவோம்.

திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடுன்னு அஞ்சு கிராமம் 1708-ல கம்பெனி கைக்கு வந்து, சீக்கிரமே திரும்பிப் போயிடுச்சு. டெல்லி பாதுஷா ஃபரூக்சியார் கொடுத்த ஃபர்மானைக் காட்டி, 1717-ல காலெட் அதையெல்லாம் மறுபடி எடுத்துக்கிட்டார். சும்மா விடலை. அந்த வருஷம் அக்டோபர்லயே திருவொற்றியூர்ல ஒரு சண்டை. லெஃப்டினன்ட் ஜான் ரோச்ங்கறவர் சிப்பாய்களோட வந்து எதிராளிகளை விரட்டினார். நிலம் கைக்கு வந்துடுச்சு, ஆனா அது எல்லைல இருக்கு, எப்ப வேணா போகும். அந்த மாதிரி நிலத்துல வீடு, கடை, குடும்பம்னு ஆளுங்களைக் குடிவைக்கறதை விட நல்ல வேலி ஏது? 1719 வாக்குல நூறு வீட்டுக்கு மேல கட்டி, நெசவாளரையும் துணியில சித்திரம் எழுதறவங்களையும் குடியேத்தினாங்க. அதுதான் காலெட் பேட்டை.

நெசவாளர் எதுக்கு? கம்பெனி சென்னைக்கு வந்ததே துணிக்காகத்தானே. நம்ம வெள்ளைத் துணி, சாயவேர்ல சிவப்பு ஏத்தின சித்திரத் துணி ரெண்டுக்கும் லண்டன்ல பேய்த்தனமான கிராக்கி. கம்பெனி நேரா நெசவாளர்கிட்ட வாங்காது. நடுவுல வியாபாரிங்க முன்பணம் வாங்கி, அதை நெசவாளருக்குக் கொடுத்து, துணியைக் கோட்டையில கொண்டுவந்து தரம் பிரிப்பாங்க. அதை வெளுக்கறதுக்குன்னே குடியிருந்தவங்களாலதான் பக்கத்துல இருக்கற வண்ணாரப்பேட்டைக்கே பேர் வந்துச்சு.

இங்கதான் விஷயம் இருக்கு. அந்தக் காலத்து நெசவாளர் கையில ஒரு பலம் இருந்துச்சு. கூலி சரியில்லையா, தொந்தரவா, தறியைக் கழட்டி மூட்டை கட்டிக்கிட்டு ஊரோட கிளம்பிடுவாங்க. அடுத்த பாளையக்காரரோ, நவாபோட ஆளோ, டச்சுக்காரனோ வாங்க வாங்கன்னு கூப்பிட்டு வச்சுக்குவான். எங்க ஐ.டி. பசங்க ஆஃபர் லெட்டரைக் கையில வச்சுக்கிட்டுப் பேசற பேச்சு இருக்கே, கிட்டத்தட்ட அதுதான். அப்படிப்பட்டவங்களை ஒரு பொட்டல் மணல்ல கொண்டுவந்து உட்கார வைக்கணும்னா வெறும் வீடு போதாது. சாமான் வாங்கக் கடை வேணும். கல்யாணம், திருவிழா, பஞ்சாயத்து எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கோயில் வேணும். கோயில் இல்லாத ஊர்ல எவன் குடியிருப்பான்? அதனால அந்தப் பெருமாள் கவர்னரோட பக்தியால வந்தவர் இல்லை, நெசவாளரோட பேரத்தால வந்தவர்னுதான் நான் நினைக்கறேன். இது என் கணிப்பு. கோயில்ல இதைச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க.

அதுக்காக காலெட் மனசுல எதுவுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. மனுஷன் ஒரு பாப்டிஸ்ட். இங்கிலாந்து திருச்சபையோட சேராத கூட்டம், அவங்க ஊர்லயே பதவிக்கு வரச் சட்டம் குறுக்க நிக்கும். வியாபாரத்துல நொடிச்சுப்போய், கடனை அடைக்கத்தான் கப்பலேறினார். 1711-ல அந்த ஜேன் கப்பலை ரியோ டி ஜெனிரோவுல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு, பணம் கொடுத்து மீட்க வேண்டியதாச்சு. அதே கப்பல்லதான் தரங்கம்பாடிக்கு சீகன்பால்குவோட அச்சு இயந்திரம் வந்துக்கிட்டு இருந்துச்சுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். அப்புறம் சுமத்ராவுல பெங்கூலன்ல சில வருஷம் அதிகாரி. 1716-ல அமோய் சின்குவான்னு ஒரு சீனக் கலைஞர் அவரை அச்சு அசலா ஒரு சின்ன பொம்மையா செஞ்சு கொடுத்தார். மூணு அடிகூட இருக்காது. அதை ஊர்ல இருக்கற மகளுக்கு அனுப்பி வச்சார். இப்ப லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரியில இருக்கு. சென்னையில கவர்னரானதும், தரங்கம்பாடிப் பாதிரிமார் இங்க பள்ளிக்கூடம் தொடங்க அனுமதி கொடுத்ததும் இவர்தான். பெருமாள் கோயிலும் சரி, லுத்தரன் பள்ளிக்கூடமும் சரி, அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கட்டும்னு விட்டவர் மாதிரி தெரியுது. அதுல துணி வியாபாரமும் நல்லா நடந்தா வேணாம்னா சொல்வார்?

லண்டன் பொண்ணுக்கு நான் சொன்னதுல அவங்க நம்பவே முடியாம கேட்டது இன்னொரு விஷயம். காலடிப்பேட்டையில தறி போட்ட அதே 1719-ல, அவங்க ஊர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவுல இறங்கிக் கலவரம் பண்ணாங்க. இந்தியத் துணி எங்க பொழப்பைக் கெடுக்குதுன்னு, சீட்டித் துணி உடுத்தி நடந்துபோன பெண்களோட உடையைப் பிடிச்சுக் கிழிச்சாங்க, அதுமேல மை ஊத்தினாங்க. ஏற்கெனவே 1701-லேர்ந்து சித்திரத் துணியை இங்கிலாந்துல வித்து உடுத்தத் தடை. 1721-ல வந்த சட்டம், அச்சடிச்ச பருத்தித் துணி எங்க அச்சடிச்சதா இருந்தாலும் உடுத்தக் கூடாதுன்னுடுச்சு. ரெண்டு பக்கமும் நெசவாளர்தான், ரெண்டு பக்கமும் வயித்துப்பாடுதான். நடுவுல இருந்த கம்பெனி வேற நாட்டுக்கு வித்து லாபம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

காலெட் 1720-ல ஊர் திரும்பினார், கடன்காரரா இல்லை, பணக்காரரா. 1725-ல இறந்துபோனார். வீரராகவன் பேர் கதையில நின்னுடுச்சு, கவர்னர் பேர் ஊர்ல நின்னுடுச்சு, 2021-லேர்ந்து மெட்ரோ ஸ்டேஷன் போர்டுலயும் ஏறிடுச்சு. முதல்ல தறி போட்டவங்கள்ல ஒருத்தர் பேராவது கிடைக்குமான்னு தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கலை. இப்ப அந்தத் தெருக்கள்ல நான் நடந்தவரைக்கும் தறிச் சத்தமும் கேட்டதில்லை.

ஆனா அந்த ஃபார்முலா மட்டும் கம்பெனிக்கு நல்லாப் பழகிடுச்சு. 1734-ல கவர்னர் மார்ட்டன் பிட், கூவம் வளையற இடத்துல சுங்குராம செட்டியோட தோட்டத்தை எடுத்து இன்னொரு நெசவாளர் பேட்டை போட்டார். அங்கயும் குடியேற முன்பணம், வீடு, பெருமாளுக்கும் சிவனுக்கும் பக்கத்துப் பக்கத்துல கோயில். சின்னத் தறிப்பேட்டைங்கறாங்க, அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.