கரும்பலகையில் ஏறும் பெயர்கள்: தொடக்கப்பள்ளியில் குடிமைப் பண்பும் பரஸ்பர மரியாதையும்

ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே போகும்போது லீடரின் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவது தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். லீடர் பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, பேசுகிறவர்களின் பெயரை எழுதுகிறான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். அப்புறமும் பேசினால் இன்னொன்று. லீடரின் நண்பன் பெயர் பலகையில் ஏறுவது அபூர்வம். ஏறினாலும் ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் அழிந்துவிடும். அதிகாரம் எப்படி நடக்கும், விதி யாருக்கு வளையும், காட்டிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் ஒன்பது வயதுக் குழந்தை இங்கே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. குடிமைப் பாடம் புத்தகத்தில் வருவதற்கு முன்பே அது நடத்தி முடிக்கப்பட்டுவிடுகிறது.

தொடக்கப்பள்ளியில் குடிமைப் பண்பைக் கற்பிப்பது, பள்ளி தன் அன்றாட வேலைகளையும் பொறுப்புகளையும் இருக்கைகளையும் பிள்ளைகளுக்குள் பங்கிடும் முறைதான். ஆகவே அந்தப் பங்கீட்டையே பாடத்திட்டத்தின் பகுதியாகக் கொண்டு திட்டமிட வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. உறுதிமொழியும் நீதிக்கதையும் தேவைதான். ஆனால் பள்ளியின் நடைமுறை எதிர்த்திசையில் இழுக்கும்போது அவை தோற்றுப்போகின்றன.

உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றி 1932இல் வெளியிட்ட நூலுக்காக ஜெனீவா, நூஷாடெல் நகரங்களில் சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கவனித்தார். சிறு பிள்ளைகளுக்கு ஆட்டவிதி பெரியவர்கள் தந்தது, தொடக்கூடாதது. பத்து வயதை ஒட்டியோ அதைத் தாண்டியோ, ஆடுகிற எல்லாரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்ற தெளிவு வருகிறது. இதிலிருந்து அவர் இருவகை மரியாதையைப் பிரித்தார். ஒன்று, சிறியவர் பெரியவருக்குத் தரும் ஒருதலை மரியாதை. மற்றது, சமமானவர்கள் சேர்ந்து செயல்படும்போது விளையும் பரஸ்பர மரியாதை. முதலாவதை எவ்வளவு வளர்த்தாலும் அது தானாக இரண்டாவதாக மாறிவிடாது. நம் பள்ளிகள் ஒழுக்கம் என்ற பெயரில் கற்பிப்பதில் பெரும்பகுதி முதல் வகை: வரிசையில் நில், கையைக் கட்டு, வாயில் விரல் வை. ஆசிரியருக்குக் கூட்டாக வணக்கம் சொல்லி முடித்த வகுப்பு அடுத்த நிமிடமே பக்கத்துப் பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் வியப்பு எதுவும் இல்லை. இரண்டையும் வெவ்வேறாகத்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பியாஜேயை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. அவர் பார்த்த சிறுவர்கள் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று ஆடியவர்கள். நம் கிராமத்துப் பள்ளிக்கு ஊரிலிருந்தும் பட்டியல் சாதியினர் வாழும் காலனியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். யார் யாரோடு கோலி ஆடுவது என்பதே வீட்டில் முடிவாகிவிடுகிறது. அவர்களைச் சும்மா விளையாட விட்டால் தெருவின் ஏற்பாடுதான் விளையாட்டுத்திடலிலும் தொடரும். இங்கே பள்ளி கைவைத்துக் கட்டினாலொழிய சமத்துவம் வராது.

பள்ளியின் ஏற்பாடு எவ்வளவு ஆழமாகக் கற்பிக்கும் என்பதற்கு அம்பேத்கரின் பள்ளி நினைவுகளைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் சாக்குத்துணியில் தனியே உட்கார வேண்டியிருந்தது. அந்தச் சாக்கை வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் திரும்ப எடுத்துப்போக வேண்டும். தண்ணீர் வேண்டுமானால் பியூன் குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. தீண்டாமையைப் பற்றி அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. சாக்கும் குழாயும் அந்த வகுப்பிலிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை நடத்தின. அந்த மாணவர் பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் ஜான் டூயியிடம் படித்து, ஜனநாயகம் என்பது சேர்ந்து வாழும் முறை என்ற டூயியின் கருத்தை 1936இல் சாதி ஒழிப்பு வாதத்துக்கு அடித்தளமாக்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு மாற்றான ஓர் ஏற்பாடு நடந்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றலை, அட்டைகளும் ஏணிப்படியும் கொண்ட கற்பித்தல் உத்தி என்றே பலரும் விவாதித்தார்கள். அதன் குடிமைப் பயனை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பிள்ளை எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை அன்று அது எடுத்த அட்டை முடிவு செய்தது. தெருவோ உயரமோ மதிப்பெண்ணோ முடிவு செய்யவில்லை. ஆசிரியர் பாயில் இறங்கி உட்கார்ந்தார். வருகையைப் பிள்ளைகளே பதிந்தார்கள். சக மாணவர் உதவியோடு படிக்கவென்றே தனிக் குழு இருந்தது. அட்டை முறையில் குறைகள் இருந்தன, அது விலகியதற்குக் காரணங்களும் உண்டு. அதோடு அந்த இருக்கை ஏற்பாடும் போய்விட்டது பெரிய இழப்பு.

பள்ளியின் ஏற்பாடே பாடம் என்பது உணவுத்தட்டில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1920இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956இலும் 1982இலும் விரிந்து, இன்று காலை உணவுவரை வந்திருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்ததும், கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டது சரியான செயல். ஆனால் அது ஒருநாள் நிகழ்ச்சி. அன்றாடம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சூடான சாம்பார் வாளி பெரியவர் கையிலேயே இருக்கட்டும்; முட்டையையும் சுண்டலையும் தண்ணீரையும் பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறலாம். காலனிப் பிள்ளை வைத்த முட்டையை ஊர்ப் பிள்ளை நூறு நாள் வாங்கித் தின்றபின், வீட்டில் சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே நம்புவது கடினம்.

துப்புரவு வேலையில் எச்சரிக்கை தேவை. 2022இல் ஈரோடு மாவட்டத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த புகாரில் தலைமையாசிரியை கைதானார். ஜப்பானியப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் வகுப்பைக் கூட்டித் துடைக்கிறார்கள், மதிய உணவையும் அவர்களே பரிமாறுகிறார்கள் என்று இங்கே பலர் மேற்கோள் காட்டுவதுண்டு. கழிப்பறை வேலை பிறப்போடு பிணைக்கப்பட்ட நாட்டில் அதை அப்படியே இறக்குமதி செய்யக்கூடாது. கழிப்பறை, கருவிகளோடும் கூலியோடும் வரும் பணியாளரின் வேலை. வகுப்பறை கூட்டுவதும் செடிக்குத் தண்ணீர் விடுவதும் குடம் நிரப்புவதும் எல்லாருடைய வேலை. பெண்பிள்ளைகள் கூட்ட, ஆண்பிள்ளைகள் பெஞ்ச் தூக்குவது என்ற பழக்கமும் இதில் உடைய வேண்டும். சுற்றுமுறைப் பட்டியலில் ஆசிரியர் பெயரும் இருக்க வேண்டும்.

நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, அகர வரிசையில் இருக்கை, சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, ஆறாம் வகுப்பு முதல் வாரந்தோறும் அறநெறிப் பாடவேளை என்று பரிந்துரைத்தது. இருக்கையைப் பற்றிய பரிந்துரை நான் சொல்லும் திசையிலேயே போகிறது. ஆனால் ஆறாம் வகுப்பு தாமதம். கையில் கயிறு ஏறுவதற்குமுன், ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை, யார் பக்கத்தில் உட்கார்ந்தோம், யார் கையால் வாங்கினோம் என்பது படிந்துவிடுகிறது.

இரண்டு ஆட்சேபங்களை எதிர்கொள்ள வேண்டும். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பதிவேடுகளுக்கும் இணையப் பதிவுகளுக்குமே பொழுது போதவில்லை என்பது உண்மை. எனினும் நான் கேட்பது கூடுதல் பாடவேளையை அல்ல. ஏற்கெனவே நடக்கும் வேலைகள் கைமாறினால் போதும். லீடர் பொறுப்பு வாரம் ஒருவருக்கு. விதிகளைப் பிள்ளைகளே பேசி எழுதுவது. புகார் வந்தால் இருவரையும் எல்லார் முன்னிலையிலும் பேசவைப்பது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்திருக்கும் அடியும் மனவதையும் உள்ள வகுப்பில் இதில் எதுவும் பலிக்காது.

இரண்டாவது, பெற்றோரின் எதிர்ப்பு. துடைப்பம் பிடிக்கவா பிள்ளையை அனுப்பினேன் என்று கேட்பார்கள். அதே சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஜூன் மாதக் கூட்டத்திலேயே சுற்றுமுறைப் பட்டியலை அவர்கள் முன் வைத்து ஒப்புதல் பெற்றுவிட்டால் ஆசிரியர் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வரும்போது, வாசிப்பையும் கணக்கையும் சோதிப்பதோடு, சென்ற மாதம் யார் யார் பரிமாறினார்கள், யார் கூட்டினார்கள், யார் லீடராக இருந்தார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு, எந்தத் தெருப் பிள்ளையாவது விடுபட்டிருந்தால் அதைப் பார்வைக் குறிப்பில் எழுத வேண்டும்.