மஞ்சள் காமாலைக்கு கீழாநெல்லி மட்டும் போதுமா? தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

மழை பெய்த சில நாளிலேயே வயல் வரப்பு, தோட்டம், சுவர் ஓரம் என எல்லா இடத்திலும் முளைத்துவிடும் செடி கீழாநெல்லி. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் பெரியவர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான். ஆனால் இது மட்டும் போதுமா?

அடையாளம் காண்பது எப்படி?

ஓரிரு அடி உயரம்தான் வளரும். இலைகள் நெல்லி இலை மாதிரி சின்னதாக இருக்கும். இலைகளுக்குக் கீழே கடுகு சைஸில் காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர்க் காரணமும் அதுதான். தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். 'அமாரஸ்' என்றால் லத்தீனில் கசப்பு. ஒரு இலையை மென்று பார்த்தாலே ஏன் என்று புரியும்!

எதற்கெல்லாம் பயன்படுகிறது?

சித்த மருத்துவத்தில் காமாலை, சிறுநீர் எரிச்சல், உடல் சூடு போன்றவற்றுக்குக் கொடுக்கிறார்கள். செடியை வேரோடு அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது கிராமத்து வழக்கம்.

ஆய்வு சொல்வது என்ன?

1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வென்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59% பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-க்கான அடையாளம் மறைந்தது. மற்றவர்களில் இது வெறும் 4%தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் நடந்த பல ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

அப்புறம் எப்படி பலருக்கு சரியாகிறது?

காமாலை என்பது நோய் அல்ல, அறிகுறி. ரத்தத்தில் பிலிரூபின் கூடினால் கண் மஞ்சளாகும். அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் கீழாநெல்லி குடித்தவர், அதனால்தான் குணமானது என நினைப்பது சகஜம்.

ஆனால் பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல், மதுவால் கெட்டுப்போன கல்லீரல், புற்றுநோய் போன்றவற்றாலும் காமாலை வரும். கல் அடைத்திருந்தால் எந்த இலையும் அதை எடுக்காது. "முதல்ல பத்து நாள் நாட்டு மருந்து பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே ஆபத்து.

உடனே மருத்துவமனை போக வேண்டியவர்கள் யார்?

* காமாலையுடன் குழப்பமான பேச்சு, அதிக தூக்கம், ரத்தக் கசிவு உள்ளவர்கள்
* காய்ச்சல், கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி உள்ளவர்கள்
* கர்ப்பிணிகள் (ஹெபடைடிஸ் இ இவர்களுக்கு உயிர் ஆபத்தாகலாம்)
* பச்சிளம் குழந்தைகள்

கண் மஞ்சளானால் யாராக இருந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நோய்க்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், கீழாநெல்லி எடுப்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாட்டி வைத்தியத்தை மதிக்கலாம், ஆனால் அதற்காக டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்!