பந்தும் பள்ளியும்: ஏழைச் சிறாருக்கான அறப்பணியில் விளையாட்டின் இடம் (1887–2023)

ஏழைச் சிறாரின் கல்விக்காக உழைத்த தொண்டு அமைப்புகள் விளையாட்டை எப்போது, எதற்காகக் கையில் எடுத்தன? கிளாஸ்கோ, நைரோபி, சென்னை ஆகிய நகரங்களின் வழியே இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தொடர்கிறது. தொடக்கத்தில் நிதி திரட்டும் வழியாக இருந்த விளையாட்டு, பின்னர் பிள்ளைகளே நடத்தும் அமைப்பாகவும், அதன்பின் அவர்கள் உரிமை கோரும் மேடையாகவும் வளர்ந்தது. முடிவெடுக்கும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தே இப்பணிகள் நிலைத்தன அல்லது தடம் மாறின என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. கிளாஸ்கோ: உணவுக்காக ஒரு கால்பந்துக் கழகம்

1872ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டம் 5 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஆனால் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறியிருந்த ஐரிஷ் குடும்பங்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடுதான் வகுப்புக்கு வந்தார்கள். அவர்கள் படித்த கத்தோலிக்கப் பள்ளிகளோ 1918 வரை அரசுப் பள்ளி அமைப்புக்கு வெளியே இருந்தன.

திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியரான மாரிஸ்ட் சபைத் துறவி பிரதர் வால்ஃபிரிட் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் ஒன்றை நடத்தினார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான சாப்பாடு கிடைக்கும். வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவரும் பிள்ளைக்கு அரைப் பென்னிக்கு ஒரு பெரிய கிண்ணம் சூப். எதுவும் தர இயலாதவருக்கு இலவசம். இதற்கான செலவை ஈடுகட்டவே 1887 நவம்பரில் செயின்ட் மேரிஸ் ஆலயக் கூடத்தில் செல்டிக் கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1888 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே, மூன்று ஆலய வட்டாரங்களின் உணவுத் திட்டங்களுக்கு நிதி சேர்ப்பதுதான் கழகத்தின் தலையாய நோக்கம் என்று நிறுவனர்கள் அறிவித்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஏழைப் பிள்ளை உதவி பெறுபவர் மட்டுமே. ஆடியவர்கள் வேறு, நிர்வகித்தவர்கள் வேறு. 1892இல் வால்ஃபிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். கழகம் வளர வளர ஆட்டக்காரர்களின் சம்பளமும் மைதானச் செலவும் முன்னுக்கு வந்தன. பிள்ளைகளுக்குப் போகவேண்டிய பணம் குறித்து உறுப்பினர்களிடையே சச்சரவு மூண்டது. 1897இல் கழகம் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவானது. அதன் அறநிதி முறையாக மீண்டும் அமைந்தது 1995இல்தான். யாருக்காகக் கழகம் பிறந்ததோ, அவர்கள் சார்பில் கேள்வி கேட்க நிர்வாகக் குழுவில் ஆள் இல்லாமல் போனதையே இந்தத் தடமாற்றத்தின் முதன்மைக் காரணமாகக் கருதவேண்டும்.

2. நைரோபி: பிள்ளைகளே நடத்துநர்கள்

சரியாக நூறாண்டு கழித்து, 1987இல், கென்யாவின் மதாரே குடிசைப் பகுதியில் வேறொரு முறை உருவானது. பாலித்தீன் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பந்தில் ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களைக் கண்ட கனடா நாட்டவர் பாப் மன்ரோ, அவர்களோடு சேர்ந்து மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். நீங்கள் ஏதாவது செய்தால் நானும் செய்வேன் என்பது அவர் வைத்த நிபந்தனை.

அந்த நிபந்தனை லீக் விதிகளிலேயே இடம்பெற்றது. ஆட்டத்தில் வென்றால் புள்ளி கிடைப்பதுபோலவே, சாக்கடையைத் தூர்வாரிக் குப்பையை அகற்றினாலும் அணியின் கணக்கில் புள்ளி ஏறும். துப்புரவுக்கு வராத அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் பட்டியலில் பின்தங்கும். குப்பையும் தேங்கிய நீரும் நோய் பரப்பிய இடத்தில் இது பிள்ளைகளின் உயிரைக் காக்கும் விதி. 1992இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது இச்சங்கத்துக்குக் கிடைத்தது.

கல்வியும் இதே கணக்கோடு இணைந்தது. நடுவராகவோ பயிற்றுநராகவோ துப்புரவு அமைப்பாளராகவோ உழைத்த சிறாருக்குத் தனிப்பட்ட புள்ளிகள் சேர்ந்தன. அதிகப் புள்ளி பெற்றவர்களின் கட்டணத்தைச் சங்கம் நேரடியாகப் பள்ளிக்கே கட்டியது. கென்யாவில் தொடக்கக் கல்வி 2003இல்தான் இலவசமானது என்பதை நினைத்தால், இந்த உதவியின் எடை புரியும். வீட்டுவேலையும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சுமந்த சிறுமிகளுக்கு 1992இல் தனி லீக் தொடங்கியது.

1994இல் உருவான மதாரே யுனைடெட் அணி 2008இல் கென்யத் தேசிய லீக்கை வென்றது. செல்டிக்கைப் போலவே இங்கும் வெற்றி வந்தது. ஆனால் வட்டாரக் குழுக்களில் இளைஞர்களே தேர்வாகி அமர்ந்திருந்ததாலும், அணி வீரர்களுக்குச் சமூகப் பணி கடமையாக இருந்ததாலும் கோப்பைக்கும் தெருவுக்கும் இடையிலான பிணைப்பு அறுபடவில்லை.

3. டர்பனிலிருந்து சென்னைக்கு: உரிமையின் மேடை

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கல்வியை 28ஆம் பிரிவிலும் விளையாட்டை 31ஆம் பிரிவிலும் உரிமைகளாக அறிவித்தது. இதன் வழியில், 2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் முதலாவது தெருச் சிறார் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தது. இந்திய அணி வென்றது. பெரிய போட்டிகளுக்கு முன் தெருப் பிள்ளைகளை வளைத்துப் பிடித்து நகருக்கு வெளியே அகற்றும் காவல்துறை வழக்கத்துக்கு எதிராகவும் அப்போது குரல் எழுந்தது.

2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த தெருச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்தாடிய தென்னிந்திய அணி இங்கிலாந்தை வீழ்த்தியது. அந்த அணியில் சென்னைத் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த கருணாலயா அமைப்பின் பிள்ளைகளும் இருந்தார்கள். 2023இல் இதே போட்டி சென்னையிலேயே நடந்தது.

நடைபாதையில் பிறந்த பிள்ளை வெளிநாடு சென்று ஆட முதலில் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று பள்ளிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறினாலும், சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, வேலை என அடுத்தடுத்த படிகளில் ஆவணம் குறுக்கே நிற்கிறது. ஆட்டத்துக்காகத் தேடிப் பெறும் சான்றிதழ் அந்தப் பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் பயன்படும். ஆகவேதான் இப்போட்டிகளில் ஆட்டத்தோடு மாநாடும் நடக்கிறது. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பிள்ளைகளே அங்கு எடுத்துரைக்கிறார்கள்.

முடிவுரை

பசியாற்றுதல், பொறுப்பளித்தல், உரிமை பெறுதல் என மூன்று கட்டங்களை இவ்வரலாறு காட்டுகிறது. பின்னது வந்ததால் முன்னது தேவையற்றுப் போய்விடவில்லை. சூப் கிண்ணத்துக்கான தேவை இன்றும் தீரவில்லை. எனினும், நல்லெண்ணம் மட்டுமே காவலாக இருந்த கழகம் பத்தாண்டுக்குள் தன் முதல் நோக்கத்திலிருந்து விலகியது. பிள்ளைகளின் பங்கை விதியாகவே எழுதிவைத்த சங்கம் வெற்றிக்குப் பிறகும் விலகவில்லை. தொண்டு நிறுவனங்களும் அவற்றுக்கு நிதி தருவோரும் இந்தப் பாடத்தை ஏற்கவேண்டும். ஓர் அமைப்பு எத்தனை பிள்ளைகளுக்குச் சீருடை தந்தது என்று கேட்பதோடு, அதன் குழுவில் அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.